விசிறி உதிர்ந்தால் புழு செத்துவிட்டதா? – கடல்நீர்த் தொட்டி கேள்வி பதில்

ஃபெதர் டஸ்டர் புழுக்களை (குழலுக்குள் வாழ்ந்து, இறகு போன்ற விசிறியை நீரில் விரித்து இரை பிடிக்கும் கடல்புழுக்கள்) பற்றிய கேள்விகள் சேர்ந்துவிட்டதால் இந்த முறை பகுதி முழுவதும் அவற்றுக்கே. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: வாங்கி வந்த நான்காம் நாள் ஃபெதர் டஸ்டர் தன் விசிறியை மொத்தமாக உதிர்த்துவிட்டது. வெறும் குழல்தான் மணலில் நிற்கிறது. எடுத்து எறிந்துவிடலாமா?

பதில்: எறியாதீர்கள். விசிறியை உதிர்ப்பது இந்தப் புழுவின் தற்காப்பு. மீன் கொத்தினாலும், உப்பளவு சட்டென்று மாறினாலும், பைக்குள் ஆக்சிஜன் குறைந்தாலும், தண்ணீர் அதிகம் சூடானாலும் விசிறியை அடியோடு கழற்றிவிட்டு உடலைக் குழலுக்குள் இழுத்துக்கொள்ளும். ஓரிரு வாரத்தில் குட்டையான முளைகள் குழல் வாயில் தெரியும். பழைய அளவுக்கு வர ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். பூ உதிர்ந்ததுமே செடியைப் பிடுங்கிப் போடுகிற அவசரத்தில் உயிருள்ள புழுக்கள் பல குப்பைக்குப் போகின்றன.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க: விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, மங்கலான சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் குழல் வாயைக் கவனியுங்கள். உள்ளே அசைவு தெரிந்தால் போதும். தெரியாவிட்டால் குழலின் நடுப்பகுதியை இரண்டு விரலால் மிக லேசாகத் தொட்டுப் பாருங்கள். புழு இருக்கும் இடம் கெட்டியாகத் தட்டுப்படும். குழல் வாய் மட்டும் சுருங்கி மூடியிருப்பது நல்ல அடையாளமே. புழு உள்ளே போனால் மென்மையான விளிம்பு அப்படித்தான் மடங்கும். குழல் முழுவதும் சப்பையாகிவிட்டது, வாயில் சாம்பல் நிறக் கொழகொழப்பு வழிகிறது, முள்புழுக்கள் உள்ளே போய் வருகின்றன என்றால் சந்தேகப்பட வேண்டும். குழலைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு கோப்பையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். அழுகல் நாற்றம் அடித்தால் அது முடிந்த கதை. உடனே வெளியே போட வேண்டும். சிறிய தொட்டியில் ஒரு பெரிய புழு அழுகினால் அம்மோனியா ஏறி மற்ற உயிர்களையும் வாட்டும்.

உயிர் இருந்தால் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். உதிர்ந்த விசிறியை எடுத்துவிடுங்கள். உப்பளவு, வெப்பம், அம்மோனியா, நைட்ரைட் நான்கையும் அன்றைக்கே அளந்து பாருங்கள். உப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரை, வெப்பம் 24 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், பிஎச் 8.1 முதல் 8.4 வரை இருந்தால் தொட்டியில் குறை இல்லை. பிறகு குழலை இடம் மாற்றாமல் விடுங்கள். தினம் ஒரு மூலைக்கு மாற்றி ‘இங்கே பிடிக்குமா, அங்கே பிடிக்குமா’ என்று பார்ப்பவர்களிடம்தான் இது இரண்டாம் முறையும் உதிர்க்கிறது.

இன்னொன்று: விசிறி இல்லாத நாட்களில் ‘பாவம், பட்டினி’ என்று தீவனத்தைக் கூட்டாதீர்கள். விசிறிதான் அதற்கு வலையும் செவுளும். அது இல்லாமல் ஒரு துகளைக் கூடப் பிடிக்க முடியாது. உடலில் சேர்த்து வைத்ததைக் கொண்டுதான் புது விசிறியை வளர்க்கும். நீங்கள் ஊற்றுவது தண்ணீரைத்தான் கெடுக்கும். முளைகள் விரிந்த பிறகு தொடங்கினால் போதும்.

கேள்வி: புதிதாக வாங்கும் புழுவைத் தொட்டியில் விடும் சரியான முறை என்ன? ஒருவர் இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடச் சொல்கிறார், இன்னொருவர் உடனே விடச் சொல்கிறார்.

பதில்: இரண்டும் சரிதான், வெவ்வேறு சூழ்நிலைக்கு. முதலில் பையை மூடியபடியே தொட்டியில் 15 முதல் 20 நிமிடம் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். அடுத்து பைத் தண்ணீரின் உப்படர்த்தியை ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளக்கும் கருவி) அளக்க வேண்டும். உங்கள் தொட்டிக்கும் அதற்கும் 0.002-க்குக் குறைவான வித்தியாசம் என்றால் நேராகவே மாற்றிவிடலாம்.

வித்தியாசம் அதிகம், பையில் இருந்தது இரண்டு மூன்று மணி நேரம்தான் என்றால் சொட்டு முறை: புழுவைப் பைத் தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் வைத்து, தொட்டித் தண்ணீரை அதில் சொட்ட விடுவது. ஏர் பம்ப் குழாயின் நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு நொடிக்கு 3 துளி விழும்படி இறுக்குங்கள். ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய அரை லிட்டர் சேரும். பையில் 300 மில்லி இருந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் அது கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். அது போதும். பாத்திரத்துத் தண்ணீர் அறை வெப்பத்துக்கு மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்சலில் ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்த பை என்றால் கதை வேறு. மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். அந்த நிலையில் அம்மோனியா பெரும்பாலும் நச்சுக் குறைந்த வடிவில் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அதே அம்மோனியா விஷமாகும். அதில் புழுவை இரண்டு மணி நேரம் ஊற வைத்தால் நாமே கொல்வதாகும். இதற்குச் செய்ய வேண்டியது: பைத் தண்ணீரின் அதே உப்படர்த்தியிலும் வெப்பத்திலும் ஒரு வாளியில் புதுக் கடல்நீர் தயாராக வைத்து, பையைப் பிரித்ததும் புழுவை அதற்கு மாற்றிவிடுங்கள். பிறகு அந்த வாளியில் தொட்டித் தண்ணீரைச் சொட்ட விட்டு மெதுவாகச் சரிசெய்யலாம். பைத் தண்ணீர் எந்த நிலையிலும் தொட்டிக்குள் போகக் கூடாது.

புழுவைக் காற்றில் தூக்காதீர்கள். கோப்பையை நீருக்குள் முக்கி, குழலை நீரோடு சேர்த்தே எடுங்கள். தவறிக் காற்று புகுந்துவிட்டால் நீருக்குள் வைத்து, வாய்ப்பக்கம் மேலே இருக்கும்படி மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்தால் குமிழிகள் ஏறி வந்துவிடும். குழலைப் பிதுக்கக் கூடாது.

நடும்போது விரலால் மணலில் ஒரு குழி எடுத்து, அடிமுனையை 3 முதல் 5 செ.மீ. மட்டும் புதையுங்கள். சாயாமல் இருக்கச் சுற்றிலும் நாலு கல். இன்னும் ஆழமாகப் புதைத்தால் அங்கே மணல் கறுத்து, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகும். அப்புறம் புழு குழலைவிட்டு வெளியே வருவதைப் பார்த்துத் திகைக்க நேரும்.

கேள்வி: புழு முழுவதுமாகக் குழலைவிட்டு வெளியே வந்து மணலில் கிடக்கிறது. பழைய குழலுக்குள் திரும்பச் செருக முயன்றேன், போக மாட்டேன் என்கிறது.

பதில்: செருகாதீர்கள். பக்கவாட்டில் வரிசையாக நுண்முட்கள் இருக்கும். அவை வளைந்தாலோ தோல் கிழிந்தாலோ தொற்று வரும். தோல் குழல் கட்டும் இனம் என்றால் அதற்குப் புதுக் குழல் கட்டிக்கொள்ளத் தெரியும். நீங்கள் தர வேண்டியது பாதுகாப்பும் கட்டுமானப் பொருளும் மட்டும்.

துளைகள் போட்ட ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டியைத் தொட்டியின் உள்சுவரில் மாட்டுங்கள். துளைகள் மிகச் சிறியவையாக இருக்கட்டும். நண்டு, இறால், முள்புழு எதுவும் நுழையக் கூடாது. அடியில் 2 செ.மீ. அளவுக்கு மிக நுண்ணிய அரகனைட் மணல். புழுவின் தடிமனைவிட ஒன்றரை மடங்கு அகலமுள்ள பிளாஸ்டிக் குழாயை, உடல் நீளத்துக்கு வெட்டி, முனைகளின் கூர்மையை உப்புத்தாளால் தேய்த்து, மணலில் சாய்வாகப் படுக்க வையுங்கள். நீருக்குள்ளேயே வால்பக்கத்தை அதன் வாயில் காட்டினால் பெரும்பாலும் தானே பின்னுக்கு நகர்ந்து உள்ளே போய்விடும். போகவில்லையா, விட்டுவிடுங்கள், மணல்மேலேயே கட்டும். முதலில் சளியால் ஆன கண்ணாடி போன்ற உறை தெரியும். அதன்மேல் துகள்கள் ஒட்ட ஒட்ட அது குழலாகத் தடிக்கும். இரண்டு முதல் நான்கு வாரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

அதற்குள் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது ஏன் வெளியே வந்தது என்பதை. கறுத்த மணல், அடிமுனையைக் குடைந்த முள்புழு, இரவில் ஆக்சிஜன் குறைவு, அம்மோனியா, இந்த நான்கும் முதல் சந்தேகங்கள். இரவில் பாசியும் பவளமும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். விளக்கு அணைந்தபின் நீர்ப்பரப்பு அசையாமல் கிடக்கும் தொட்டியில் விடியற்காலையில்தான் புழு வெளியே கிடக்கும். ஒரு பவர்ஹெட்டை (நீரோட்டம் உண்டாக்கும் சிறு பம்ப்) மேற்பரப்பு நோக்கித் திருப்புவதே அதற்கு மருந்து. சோதனைகளில் ஏதாவது சரியில்லை என்றால், அதே உப்பளவும் வெப்பமும் உள்ள புது நீரால் 15 முதல் 20 சதவீதம் மாற்றுங்கள். ஒரே நாளில் பாதித் தொட்டியை மாற்றுவது அடுத்த அதிர்ச்சியாகிவிடும்.

கல் போன்ற வெள்ளைக் குழல் கட்டும் இனம் வெளியே வந்திருந்தால், வருத்தமான பதில்தான்: அவை புது வீடு கட்டிப் பிழைப்பது அரிது.

கேள்வி: பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீர் இறால்) குஞ்சுகளைத் தினமும் பைப்பெட்டால் விசிறிமேல் விடுகிறேன். ஆறு மாதத்தில் விசிறி சிறுத்துக்கொண்டே போகிறது. இரண்டு முறை உதிர்ந்து முளைத்தது, ஒவ்வொரு முறையும் முன்பைவிடச் சின்னது.

பதில்: புழு பட்டினி கிடக்கிறது. தொட்டிகளில் ஃபெதர் டஸ்டர் சாவதற்கு நோயைவிட இதுவே பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து. ஆறு மாதம் இழுத்துக்கொண்டு சாவதால் யாரும் இதைப் பட்டினி என்று நினைப்பதில்லை.

விசிறியின் ஒவ்வொரு இழையிலும் நுண்மயிர்கள் நீரை இழுத்து, துகள்களை ஒரு வாய்க்கால் வழியாக அடிக்கு அனுப்பும். அங்கே அளவு பார்த்துப் பிரித்தல் நடக்கும். பெரியவை வெளியே தள்ளப்படும், நடுத்தரத் துகள்கள் குழல் கட்டப் போகும், மிகச் சிறியவை மட்டுமே வாய்க்குப் போகும். பொரித்த ஆர்ட்டீமியா ஏறக்குறைய 400 மைக்ரான். ரோட்டிஃபர் என்ற நுண்விலங்குகூட 100 மைக்ரானுக்கு மேல். நுண்பாசிகளில் நானோகுளோராப்சிஸ் 2 முதல் 3 மைக்ரான், ஐசோகிரைசிஸ் 5 மைக்ரான் அளவு, டெட்ராசெல்மிஸ் 10 மைக்ரானை ஒட்டி. இந்தப் பச்சைத் தண்ணீர் வகைகள்தான் இதன் சாப்பாடு. ஒரே வகையைவிட இரண்டு மூன்றைக் கலந்து கொடுப்பது நல்லது.

100 லிட்டர் தொட்டிக்கு உயிருள்ள பைட்டோபிளாங்க்டன் (மிதக்கும் நுண்பாசி, சுருக்கமாக பைட்டோ) 5 மில்லியில் தொடங்குங்கள், வாரம் மூன்று முறை. இரண்டு வாரம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறாமல் இருந்தால் 10 மில்லி, பிறகு தினமும் என்று கூட்டலாம். இது சாதாரணக் கலவைக்கான கணக்கு. கூழ்போல் அடர்த்தியாக்கி விற்பவை பல மடங்கு செறிவானவை. அதில் துளிக்கணக்குதான், புட்டியில் எழுதியிருப்பதில் பாதியில் தொடங்குங்கள். ஃபிரிஜ்ஜில் வைத்து, தினம் ஒருமுறை மெதுவாகக் குலுக்க வேண்டும். அடியில் தங்கினால் செத்துப்போகும். பச்சை வெளுத்து நாற்றம் வந்தால் கொட்டிவிடுங்கள்.

ஊற்றும் நேரம் விளக்கு மங்கிய பிறகு. ஸ்கிம்மரையும் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) யுவி விளக்கையும் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். ஃபில்டர் சாக் (வடிகட்டும் துணிப்பை) இருந்தால் கழற்றுங்கள். பவர்ஹெட் ஓடட்டும், துகள்கள் மிதக்க வேண்டுமே. ஸ்கிம்மரை மறந்துவிடுவது எல்லோருக்கும் நடப்பதால் டைமர் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். பைப்பெட்டால் நேராக விசிறிமேல் பீய்ச்சினால் அது சட்டென உள்ளே போய்விடும். நீரோட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் 10 முதல் 15 செ.மீ. தள்ளி, புகைபோல மெதுவாக விடுங்கள். ஈஸ்ட், பால்பவுடர், முட்டை மஞ்சள்கரு என்று இன்னமும் சொல்லித் தருகிறார்கள். அவற்றால் பாக்டீரியாதான் பெருகும்.

கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீர் நமக்கு அழகு, இந்தப் புழுவுக்கு வெறும் தட்டு. நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பூஜ்யத்துக்குக் கொண்டுபோக ஸ்கிம்மரை முறுக்குபவர்கள் ஃபெதர் டஸ்டர் வைக்காமல் இருப்பதே மேல். புதிதாக அமைத்த தொட்டியிலும் வேண்டாம், ஆறு மாதமாவது ஓடியிருக்கட்டும். தேறி வருகிறதா என்பதைக் குழல் விளிம்பில் பாருங்கள். நிறம் வெளிறிய, மென்மையான புது வளையம் சேர்ந்துகொண்டே வந்தால் சாப்பாடு சரி. மணலே போடாத தொட்டியில் சாப்பாடு சரியாக இருந்தும் குழல் வளராது, கட்ட மண் இல்லை. ஒரு கிண்ணத்தில் நுண்மணல் வைத்து அதில் நடுங்கள்.

கேள்வி: விசிறி விரிகிறது, ஆனால் நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே போய்விடுகிறது. நீர்ச் சோதனைகள் எல்லாம் சரியாக உள்ளன.

பதில்: இதன் விசிறி இழைகளில் ஒளியுணரும் புள்ளிகள் உண்டு, நிழல் விழுந்தாலே மடங்கும். நீங்கள் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே காரணமாகலாம்! கைபேசியை எதிரே நிறுத்தி ஒரு மணி நேரம் வீடியோ எடுத்துவிட்டு அறையைவிட்டு வெளியே போங்கள். குற்றவாளி பெரும்பாலும் அதில் சிக்கும்.

பட்டாம்பூச்சி மீன்கள், காப்பர்பேண்ட் உட்பட, இதை உணவாகவே பார்க்கும். பெரிய ஏஞ்சல், டிரிகர், பஃபர் வகைகளோடும் ஒத்துவராது. குட்டி ஏஞ்சல்களும் சில ராஸ் மீன்களும் ஆளைப் பொறுத்தது: ஒன்று ஆண்டுக்கணக்கில் சும்மா இருக்கும், இன்னொன்று முதல் நாளே கொத்தும். ஏரோ கிராப் என்ற நீள்கால் நண்டை நம்பாதீர்கள். கிளீனர் இறால் புழுவைத் தின்னாது, ஆனால் நீங்கள் போட்ட இறைச்சித் தீவனம் விசிறியில் ஒட்டியிருந்தால் அதைப் பிடுங்க ஏறி நிற்கும். இறாலுக்கு முதலில் வேறு மூலையில் கொடுத்துவிட்டால் தொல்லை குறையும்.

மீன்கள்மேல் தவறில்லை என்றால் நீரோட்டத்தைப் பாருங்கள். இழைகள் ஒரு பக்கமாக வாரிவிட்டதுபோல் சாய்ந்திருந்தால் வேகம் அதிகம். எல்லாப் பக்கமும் விரிந்து, நுனிகள் மட்டும் லேசாக ஆடுவது சரியான அளவு. பம்ப் இழுக்கும் நுண்குமிழிகள் விசிறியில் மோதுவதும் இப்படிச் செய்யும்.

கேள்வி: மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய். தொட்டியில் காப்பர் மருந்து போட்டால் புழு தாங்குமா?

பதில்: தாங்காது. இறால், நத்தை, பவளமும் தாங்கா. மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள். முதன்மைத் தொட்டியை மீன் இல்லாமல் 76 நாள் விடுவது வழக்கம். புழுவுக்கு அதனால் எந்தக் கஷ்டமும் இல்லை, பைட்டோ மட்டும் தொடர வேண்டும். ஃபென்பெண்டசோல் போன்ற குடற்புழு மருந்துகளும் இதே கணக்கில் வரும்: அவை கொல்வதே புழுவைத்தான். பாறை அந்த மருந்தை உறிஞ்சி வைத்துப் பிறகும் கசிய விடும். பழைய பாறை வாங்கும்போது முந்தைய உரிமையாளரிடம் காப்பரைப் பற்றிக் கேட்பவர்கள் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: சிவப்பு விசிறியுள்ள கோகோ புழு வாங்க ஆசை. பராமரிப்பு ஒன்றுதானா?

பதில்: தீவனம் ஒன்றுதான், அளவு கொஞ்சம் தாராளமாக வேண்டும். வித்தியாசம் குழலில். இது சுண்ணாம்புக் குழல் கட்டும் இனம், ஆகவே கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், காரத்தன்மை 8 முதல் 10 டிகேஎச், மெக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம் நிலையாக இருக்க வேண்டும். காரத்தன்மை ஒரே நாளில் 1 டிகேஎச்-க்கு மேல் ஆடக் கூடாது. பாறை இடுக்கில் வாய் மேல்நோக்கி இருக்கும்படி, மணல் விழாத உயரத்தில் வையுங்கள். வெளிச்சம் தேவையில்லை. கிறிஸ்துமஸ் மரப் புழுவுக்கு இருப்பதுபோல் வாயை அடைக்கும் மூடி இதற்கு இல்லை, அதனால் தொந்தரவு செய்யும் மீன் இருக்கும் தொட்டியில் வைப்பது வீண் செலவு. வாங்கும்போது குழல் விரிசலையும், மேலே கையை அசைத்தால் சட்டென உள்ளே போகிறதா என்பதையும் பாருங்கள். சோம்பலாக மடங்குவதை வாங்காதீர்கள்.

கேள்வி: சம்ப் (தொட்டியோடு இணைந்த வடிகட்டும் தனித் தொட்டி) சுவரிலும் பம்ப்மேலும் 1, 2 மி.மீ. அளவில் வெள்ளைச் சுருள்கள் நூற்றுக்கணக்கில். ஆபத்தா?

பதில்: இல்லை. இவையும் அதே கூட்டத்துக் குட்டிப் புழுக்கள், ஸ்பைரோர்பிஸ் வகை. தண்ணீரில் மிதப்பதை வடிகட்டித் தின்னும், யாருக்கும் தீங்கில்லை. பெருகுகிறது என்றால் மிதக்கும் உணவு இருக்கிறது என்று பொருள். பெரிய ஃபெதர் டஸ்டர் வாங்கக் காத்திருப்பவர்கள் இதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடியில் இருப்பவற்றைப் பழைய கடன் அட்டையால் சுரண்டிவிடலாம். பம்பின் இம்பெல்லரில் படிந்தால் மட்டும் சத்தமும் சூடும் ஏறும். அப்போது பம்பைக் கழற்றி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்த வாளியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊற வைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாக அலசி மாட்டுங்கள்.